உகந்தை வழியில் மச்சானை மடக்கிய வெயில்

கட்டாரில் வருடக்கணக்காக இருந்துவிட்டு வந்தவனிடம் வெயிலைப் பற்றி யார் வாய் திறப்பது? என் மச்சான் விடுமுறையில் வந்து இறங்கிய கையோடு கதிர்காமப் பாதயாத்திரைக்கு ஆயத்தமானான். பழைய நேர்த்தி ஒன்று பாக்கி இருந்தது. தொப்பி, குடை, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சீனிக் கலவையான ஜீவனிப் பக்கெற் என்று என் மனைவி எடுத்து வைத்த எதையும் அவன் பையில் போடவில்லை. "கட்டார் வெயிலில நிண்டவனுக்கு உங்கட வெயில் என்ன வெயில், தங்கச்சி?" என்றான். வீட்டில் யாருக்கும் பதில் வரவில்லை.

பதில் இருந்தது. பிறகுதான் தெரிந்தது. கட்டாரில் அவன் லொறி ஓட்டுகிறவன். லொறிக்குள் ஏசி, அறைக்குள் ஏசி, சாமான் ஏற்றும் இடத்தில் மட்டும் கொஞ்சம் வெயில். அந்த நாட்டில் 2021 முதல் ஒரு சட்டமும் இருக்கிறது. ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை, திறந்த வெளியில் வேலை வாங்கக்கூடாது. அதாவது அங்கே வெயில் உச்சத்தில் நிற்கும் நேரத்தில் இவன் வெயிலில் நின்றதே இல்லை. வெயிலைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் பொத்துவிலில் போய் ஒரு குழுவோடு சேர்ந்தோம். அவர்கள் மண்டூரிலிருந்து நடந்து வந்தவர்கள். முன்னால் வேல் கொண்டுபோன பெரியவர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவர், எழுபதை நெருங்கும் வயது. அவர் நடையைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். அவசரமே இல்லை, ஆனால் அவரை முந்தவும் முடியாது. யாத்திரையில் எல்லோரும் எல்லோருக்கும் சாமிதான். மச்சானும் 'கட்டார் சாமி' ஆகிவிட்டான்.

பாணமையிலிருந்து, காட்டுக்குள் இறங்கும் முன் வரும் முருகன் கோயிலடியான உகந்தை ஏறக்குறைய 16 கிலோமீற்றர். வழக்கமாக விடிய முன்னரே வெளிக்கிட்டு, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அன்று ஒரு அம்மாவின் பையைத் தேடப் போய் நேரம் பிந்திவிட்டது. காலைக் கஞ்சி வேண்டாம், விரதம் என்றான் மச்சான். கறுப்பு ரீசேட், தோளில் பாரமான பை, கையில் ஒரு சின்னப் போத்தல் தண்ணீர்.

ஆடி மாதத்துக் கச்சான் காற்றைப் பற்றிக் கிழக்கில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மழையையெல்லாம் மலைநாட்டின் அந்தப் பக்கத்தில் கொட்டிவிட்டு, மலையிலிருந்து இறங்கும்போது காய்ந்து சூடேறி நம் பக்கம் வருகிறது. காற்று பலமாக அடிப்பதால் முகத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஏமாற்று வேலையே அதில்தான் இருக்கிறது. வியர்வை வந்த உடனே காய்ந்துபோகும். உடம்பு நனையாததால் நமக்கு வியர்க்கவே இல்லை என்று நினைப்போம். உண்மையில் பாரத்தோடு நடக்கிற ஒருவருக்கு மணிக்கு ஒரு லீற்றருக்கு மேலும் போய்விடலாம். சித்திரை வைகாசியில் கதை வேறு. காற்று அசையாது, வாவிப் பக்கம் ஈரப்பதன் கூடி வியர்வை வழியும், ஆனால் காயாது. வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, காய்வதால்தான் குளிர்கிறது. அதனால்தான் வெப்பமானி 32 பாகை காட்டினாலும், ஈரப்பதன் 70 வீதம் இருந்தால், உடம்புக்கு அது 41 பாகை மாதிரி. அந்தக் கணக்கும் நிழலுக்குத்தான், நேர் வெயிலில் இன்னும் கூடும். வளிமண்டலவியல் திணைக்களம் மாவட்ட வாரியாக வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடும்போது சொல்வது இந்த 'உணரும்' வெப்பத்தைத்தான். வெறும் பாகையை மட்டும் பார்த்துவிட்டு "இது வழக்கமானதுதானே" என்று போகிறவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

சரி, மச்சானிடம் வருகிறேன்.

பத்து மணி தாண்டியிருக்கும். வழியெல்லாம் கதை சொல்லிக்கொண்டு வந்தவன் பேச்சை நிறுத்திவிட்டான். "என்ன மச்சான், பேசாம வாறாய்?" என்றேன். "ஒண்டுமில்ல, நட." கொஞ்ச நேரத்தில் தலை இடிக்கிறது என்றான். பிறகு என் பை அவன் கையில் இடித்ததற்கு ஒரு சண்டை. அவன் சுபாவத்துக்கு அது ஒட்டவே இல்லை. அடுத்தது கெண்டைக்கால் இறுகிப் பிடித்தது. குனிந்து காலைத் தேய்த்துவிட்டு நிமிர்ந்தவன் தள்ளாடி, வழி ஓரமாக ஓங்காளித்தான். தின்னாத வயிற்றிலிருந்து என்ன வரும், தண்ணீர் மட்டும்தான் வந்தது. அப்படியே குந்திவிட்டான்.

கையைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று, ஈரமாக இருந்தது. முகம் வெளுத்திருந்தது. சுற்றி நின்றவர்களில் ஒருவர், "உடம்பு குளிர்ந்துதானே இருக்கு, இது வெயில் இல்ல, பசி" என்றார். இன்னொருவர் தைலப் போத்தலைத் திறந்துவிட்டார். ஒரு அம்மா திருநீறு பூசினார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வெயிலில் விழுந்தவனுக்கு உடம்பு அனலாகக் கொதிக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

குழுவில் ஓய்வுபெற்ற மிஸ்ஸி, அதாவது ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் வந்திருந்தார். பின்னால் வந்துகொண்டிருந்தவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முதலில் செய்தது மருந்தும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரு கேள்வி. "மனே, இண்டைக்கு என்ன கிழமை? நாம எங்க போறம்?"

"வெள்ளி... உகந்தைக்கு" என்றான் மச்சான், எரிச்சலோடு.

"நல்லது. நாடி வேகமா ஓடுது, ஆனா புத்தி தெளிவாத்தான் இருக்கு" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். அப்புறம்தான் வேலை தொடங்கியது. ஒரு பாலைமர நிழலுக்குத் தூக்கிப் போனோம். மல்லாக்காகக் கிடத்தி, அவனுடைய பாரமான பையையே கால்களுக்குக் கீழே வைத்தோம். ரீசேட்டைக் கழற்றினோம். ஒரு சாரத்தைத் தண்ணீரில் நனைத்து நெஞ்சிலும் வயிற்றிலும் போட்டு, கழுத்து, கக்கம், தொடை இடுக்கு எல்லாம் ஈரத் துவாயால் ஒற்றிக்கொண்டே, இரண்டு பேர் கிடைத்ததை வைத்து விசிறினோம். தைலத்தை மிஸ்ஸி மூடச் சொல்லிவிட்டார். தைலம் தோலில் குளிர்ந்த மாதிரி உணர்வைத் தரும், உள்ளே இருக்கும் சூட்டை அது எடுக்காது. ஓங்காளிப்பு அடங்கியதும் ஜீவனி. மடமடவென்று குடிக்க விடவில்லை. ஒரு மிடறு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு மிடறு.

விசிறிக்கொண்டிருந்த நேரத்தில் மிஸ்ஸி சொன்ன விளக்கத்தை நான் இன்றுவரை பத்துப் பேருக்காவது திருப்பிச் சொல்லியிருப்பேன். நடக்கும்போது தசைகள் எரிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்குக் கிட்ட வெறும் சூடாகத்தான் வெளியேறுகிறது. அந்தச் சூட்டை வெளியே தள்ள உடம்பு இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும், வியர்வையையும் விடும். வியர்வையோடு தண்ணீரும் உப்பும் போகப் போக, ஓடுகிற இரத்தத்தின் அளவே குறையும். தோலுக்கும் வேண்டும், தசைக்கும் வேண்டும், மூளைக்கும் வேண்டும், இருப்பதோ கொஞ்சம். இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். குடலுக்குப் போகிற பங்கு குறைவதால் ஓங்காளிப்பு, மூளைக்குக் குறைவதால் தலைச்சுற்று. அதனால்தான் காலை உயர்த்தி வைப்பது, காலில் தேங்கிய இரத்தம் திரும்பி வரட்டும் என்று. இதுதான் வெப்பக் களைப்பு. இந்தக் கட்டத்தில் உடம்பின் உள் வெப்பம் பெரும்பாலும் 40 பாகையைத் தாண்டியிருக்காது. தோல் ஈரமாக, குளிர்ந்துகூட இருக்கலாம்.

அதைத் தாண்டினால் வெப்பத் தாக்கு. அது வேறு சாதி ஆபத்து. ஆள் உளறுவார், கிழமை சொல்லத் தெரியாது, இல்லாத ஒருவரோடு பேசுவார், சண்டைக்கு வருவார், வலிப்பு வரும், நினைவு தப்பும். தோல் வறண்டு சுடும் என்று பலர் படித்திருப்போம். வீட்டுக்குள் சூட்டில் கிடக்கிற வயதானவர்களுக்கு அப்படித்தான் அதிகம். ஆனால் நடந்து, ஓடி, வேலை செய்து விழுகிறவர்களுக்கு வியர்வை கொட்டிக்கொண்டே வெப்பத் தாக்கு வரலாம். ஆகவே தோலை நம்பி முடிவு எடுக்கக்கூடாது, பேச்சைக் கேட்டு முடிவு எடுக்க வேண்டும். மிஸ்ஸியின் முதல் கேள்வி அதற்குத்தான். விசிறிக்கொண்டிருந்த நேரம் முழுக்க இடைக்கிடை வேறு கேள்விகளையும் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டாரில் சம்பளம் எவ்வளவு என்றும் கேட்டார். அதற்கு மச்சான் பொய் சொன்ன விதத்தைப் பார்த்ததும், மூளை நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அரை மணித்தியாலம் அவர் வைத்த கெடு. அதற்குள் தெளிவு வராவிட்டால், வாந்தி நிற்காவிட்டால், ஆஸ்பத்திரி. மச்சானுக்கு அதற்குள்ளேயே முகத்தில் இரத்தம் வந்துவிட்டது. எழும்பி உட்கார்ந்து, "சரி சாமி, நடப்பம்" என்றான். அங்கேதான் உண்மையான போராட்டம் தொடங்கியது. நேர்த்தி என்றால் நேர்த்தி, ஒரு அடிகூட வாகனத்தில் ஏறமாட்டேன் என்று நின்றான். மிஸ்ஸி முடியவே முடியாது என்றார். ஒரு தடவை இப்படி விழுந்த உடம்பு அன்றைக்கும் அடுத்த ஓரிரு நாளும் வெயிலைத் தாங்காது, முன்னையைவிடக் குறைந்த சூட்டிலேயே விழும். கடைசியில் பெரியவர் வந்தார். "முருகன் உன்னட்டக் கணக்குப் புத்தகம் கேக்கப் போறாரா? ஏறு சாமி" என்றார். அரிசி மூட்டை ஏற்றிப் போன பட்டா என்கிற சின்ன லொறியில் ஏற்றிவிட்டோம். நானும் கூடப் போனேன். உகந்தையில் தங்கி, நன்றாகத் தின்று, தூங்கி, பின்னால் வந்த வேறொரு குழுவோடு காட்டுக்குள் இறங்கினான். கதிர்காமம் போய்ச் சேர்ந்தான்.

ஒன்றை அன்று கவனித்தேன். கழற்றிப் போட்ட அவனுடைய கறுப்பு ரீசேட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள். அதே வழியில் நடந்த பெரியவரின் காவித் துண்டில் அப்படி ஒன்றையும் காணவில்லை. காவியில் தெரியாது என்று நினைத்தேன், ஆனால் மிஸ்ஸி சொன்ன காரணம் வேறு. வெயில் பழகிய உடம்பு சீக்கிரமாகவே வியர்க்கத் தொடங்கும், நிறைய வியர்க்கும், ஆனால் அந்த வியர்வையில் உப்பு குறைவு. உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ள உடம்பு பழகிவிடும். இரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடும். இந்தப் பழக்கம் வர ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை எடுக்கும், தினமும் கொஞ்ச நேரம் சூட்டில் உடம்பை அசைத்தால் மட்டும். விட்டுவிட்டால் சில வாரங்களில் போய்விடும். ஊரில் பிறந்தோம், கட்டாரில் இருந்தோம் என்பதெல்லாம் கணக்கில் வராது, போன இரண்டு வாரம் எங்கே இருந்தோம் என்பதுதான் கணக்கு. மண்டூரிலிருந்து நடந்து வந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் வழியிலேயே வந்துவிட்டது. கொழும்பிலிருந்து லீவில் வந்து நேரே அறுவடைக்கு வயல் வட்டைக்குள் இறங்குகிற பிள்ளைகளும், காய்ச்சலில் கிடந்துவிட்டு முதல் நாளே மேசன் வேலைக்குப் போகிறவர்களும் மச்சானின் ஆட்கள்தான். வேலைத்தளங்களுக்கு நிபுணர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. புதிதாக வருபவருக்கு முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும், பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டலாம். நம்மூரில் எந்த மேசன் பாஸ் இதைக் கேட்பார் என்பது வேறு விஷயம்.

தண்ணீரில் வருவோம். தாகம் வரட்டும் என்று காத்திருந்தால் ஏற்கெனவே பிந்திவிட்டது என்று அர்த்தம். கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை என்பது நல்ல கணக்கு. அதற்காக மணிக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொள்ளவும் கூடாது, இரத்தத்தில் உப்புக் கரைந்து குறைந்து அதுவே தலையிடி, வாந்தி, வலிப்பு என்று கொண்டுபோய் விடும். உப்பு எங்கிருந்து வர வேண்டும்? முக்கியமாகச் சாப்பாட்டிலிருந்து. விட்டுவிட்டுப் போன அந்தக் காலைக் கஞ்சியின் உப்புத்தான் மச்சானுக்கு வேண்டியிருந்தது. உப்புப் போட்ட மோர், கஞ்சித் தண்ணி, வத்தகப்பழம், இளநீர் எல்லாமே நல்லவை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, ஆனால் வியர்வையில் அதிகம் போவது சோடியம், ஆகவே இளநீர் குடித்தாலும் உப்புச் சாப்பாடு வேண்டும். ஜீவனி ஒரு பக்கெற்றை ஒரு லீற்றர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். சின்னப் போத்தலில் முழுப் பக்கெற்றையும் கொட்டிக் குடிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், அது நன்மையைவிடத் தீமை. பக்கெற் இல்லையென்றால், ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. சாராயமும் பியரும் வெயிலுக்குக் குளிர்ச்சி என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

பெண்கள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை. வழி நெடுகிலும் தண்ணீர் பவுசர் இருந்தாலும் எங்கள் குழுவிலிருந்த அம்மாமார் குடிப்பதே இல்லை. ஏனென்று மிஸ்ஸிதான் எனக்கு விளங்கப்படுத்தினார், குடித்தால் எங்கே போய் ஒதுங்குவது? ஆண்கள் பற்றைக்குப் பின்னால் போய்விடுவார்கள். அதனால் மிஸ்ஸி ஒரு வழி வைத்திருந்தார். மறைப்புள்ள இடம் வந்ததும் பெண்கள் இரண்டு பேர் சீலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், எல்லோரும் போய்வந்த பிறகு எல்லோரும் ஒரு கோப்பை குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நடை இல்லை. தோட்டத்திலும் வயலிலும் கூலிக்குப் போகும் பெண்களுக்கும் இதே பிரச்சினைதான். வேலை கொடுக்கிறவர்கள் தண்ணீர்க் குடத்தை மட்டும் வைத்தால் போதாது, ஒதுங்க இடமும் வேண்டும்.

பிரஷருக்குச் சலம் போகிற குளுசை எடுப்பவர்கள், சில இதயக் குளுசைகள், தடிமன் அலர்ஜிக் குளுசைகள் எடுப்பவர்கள் வெயிலில் சீக்கிரம் விழுவார்கள். குளுசையைத் தாங்களாக நிறுத்தக்கூடாது, பயணத்துக்கு முன்னர் கிளினிக்கில் கேட்க வேண்டும். இதய, சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர், உப்பு என்பதையும் அங்கேயே கேட்க வேண்டும். சீனி வருத்தக்காரர் வியர்த்து நடுங்கினால் அது வெயிலாகவும் இருக்கலாம், சீனி இறங்கியதாகவும் இருக்கலாம். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் முதலில் இனிப்பாக ஏதாவது கொடுத்துவிடுவதில் தப்பில்லை.

வெயிலில் நடக்காதவர்களுக்கும் இது வரும். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் அடுப்போடு நிற்கிற என் மாமியின் குசினியை நினைத்துப் பாருங்கள். கண்ணகி அம்மன் குளிர்த்தி நாளில் சனநெரிசலுக்குள் ஒரு பெண் சரிந்தால் உரு வந்துவிட்டது, சாமி ஏறிவிட்டது என்று கூட்டம் கையெடுக்கும். உருவா மயக்கமா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? எதுவாக இருந்தாலும் நிழலும் காற்றும் கொடுத்து, நினைவு தெளிந்த பிறகு ஒரு மிடறு தண்ணீர் பருக்கினால் அம்மன் கோபிக்க மாட்டாள்.

ஆள் உளறினால், நினைவு தப்பினால், 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடியுங்கள், இலவசம். ஆனால் வண்டி வரும்வரை கைகட்டி நிற்கக்கூடாது. குளிர்விப்பதுதான் மருந்து, ஏற்றி அனுப்புவது இரண்டாவது. கிணறோ பவுசரோ எது கிடைத்தாலும் தலை முதல் கால்வரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். நினைவில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும், பக்கவாட்டில் சரித்துக் கிடத்துங்கள். பனடோல் கொடுக்க வேண்டாம். அது காய்ச்சலுக்கான மருந்து, வெயில் ஏற்றிய சூட்டை இறக்காது.

காய்ச்சல் என்றதும் ஞாபகம் வருகிறது. வெப்பக் களைப்பு, ஓய்வும் தண்ணீரும் கிடைத்தால் அன்றைக்கே இறங்கத் தொடங்கும். அடுத்த நாளும் காய்ச்சல் அடித்தால், உடம்பு முறித்துப் போட்டமாதிரி உளைந்தால், வெயில் பட்டதென்று சொல்லிக்கொண்டு வீட்டில் கிடக்க வேண்டாம். நம் பக்கத்தில் டெங்கு இருக்கிறது, வயலுக்குள் இறங்கியவருக்கு எலிக்காய்ச்சலும் இருக்கலாம். இரத்தம் சோதித்துப் பாருங்கள், அதுவரை டைகுளோபினாக், இபுபுரோபன் போன்ற நோக்குளுசைகளைத் தொடாதீர்கள். வயலுக்குள் போன விஷயத்தை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.